வானத்தில் ஒரு கப் நூடுல்ஸ்: பயணிகள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

பன்னிரண்டு ஆண்டுகள் விமானப் பணிப்பெண்ணாக இருந்தேன். அந்த ஆண்டுகளில் எத்தனை கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. வேலையை விட்ட பிறகும் நண்பர்கள், உறவினர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் இதைப் பற்றியே கேட்கிறார்கள். கொரியன் ஏர் நிறுவனம் 2024-இல் எகானமி வகுப்பில் நூடுல்ஸை நிறுத்திய பிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. அடிக்கடி வருபவற்றை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

எல்லா விமானங்களிலும் நூடுல்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது. கிழக்கு ஆசிய, தென்கிழக்கு ஆசிய நிறுவனங்களில்தான் இது வேரூன்றிய வழக்கம். கேத்தே பசிபிக், ஜப்பான் ஏர்லைன்ஸ் போன்றவை நெடுந்தூரப் பயணங்களில் இரண்டு வேளை உணவுக்கு நடுவே பசிப்பவர்களுக்குக் கப் நூடுல்ஸ் கொடுத்து வந்திருக்கின்றன. ஏர் ஏசியா, ஸ்கூட் போன்ற குறைந்த கட்டண விமானங்களில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வழித்தடத்துக்கு வழித்தடம், வகுப்புக்கு வகுப்பு இது மாறும். அதனால் பயணத்துக்கு முன் உங்கள் விமானத்தின் உணவுப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

நிறுவனங்களுக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் எளியது. ஒரு கப் 80 கிராம் அளவில்தான் எடை. குளிர்ப்பெட்டி வேண்டாம், அடுப்பு வேண்டாம், விற்காமல் மீந்தாலும் அடுத்த பயணத்தில் பயன்படும்.

சாதாரண நூடுல்ஸ்தானே, மேலே மட்டும் ஏன் அவ்வளவு ருசி?

இது கற்பனை இல்லை. விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். மூக்கு உலர்ந்துபோகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மணம்தான் என்பதால், மூக்கு உலர்ந்தால் சாப்பாடும் சப்பென்று ஆகிவிடும். லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃபிராவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2010-ஐ ஒட்டிச் செய்த சோதனைகளில், விமானத்தில் உள்ளது போன்ற குறைந்த காற்றழுத்தத்தில் உப்பும் இனிப்பும் மந்தமாகவே உணரப்பட்டன. 2015-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். விமான எஞ்சினின் இரைச்சலைப் போன்ற ஒலியைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டவர்களுக்கு இனிப்புச் சுவை குறைந்தது. ஆனால் உமாமி என்கிற சுவை கூடுதலாகத் தெரிந்தது. தக்காளி, காளான், இறைச்சிச் சாறு ஆகியவற்றில் இருக்கும் சுவை அது.

நூடுல்ஸ் மசாலாப் பொட்டலம் அந்த உமாமியையே நம்பித் தயாரிக்கப்படுவது. உப்பும் தாராளம். சூடான ஆவி முகத்தில் படும்போது உலர்ந்த மூக்கும் சற்றுத் திறக்கிறது. நள்ளிரவில், எந்த நாட்டின் நேரம் என்றே தெரியாத ஒரு பொழுதில், கைகளைச் சூடாக்கும் ஒரு கிண்ணம் கிடைத்தால் மனத்துக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை அந்த முகங்களில் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த உணவின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இனி நான் சொல்லப்போகும் எச்சரிக்கைகளை அந்த அன்போடு சேர்த்தே படிக்க வேண்டும்.

வீட்டில் மூன்று நிமிடத்தில் வெந்துவிடுகிறது. விமானத்தில் ஏன் நடுவில் நறநறவென்று இருக்கிறது?

மலைப் பிரதேசத்தில் சமைத்தவர்களுக்கு இதற்கான விடை தெரியும். காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பது போல வைக்கப்படுகிறது. 8,000 அடியில் தண்ணீர் சுமார் 92 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் உள்ளழுத்தம் 6,000 அடிக்கு நிகராக இருப்பதால் 94 டிகிரி வரை போகலாம். அதற்கு மேல் எவ்வளவு நேரம் வைத்தாலும் சூடு ஏறாது.

இந்த 92 டிகிரியும் கெட்டிலுக்குள் இருக்கும் கணக்குதான். குழாயைத் திறந்து கூஜாவில் பிடித்து, நடைபாதையில் நடந்து, உங்கள் கப்பில் ஊற்றும்போது 80-களில் வந்து நிற்கும். பூமியில் கொதிநீருக்கென்று வகுத்த மூன்று நிமிடம் அங்கே போதாது.

இந்தச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது ஜப்பான் ஏர்லைன்ஸ். உடனடி நூடுல்ஸ் தயாரிக்கும் நிஸ்ஸின் நிறுவனத்துடன் சேர்ந்து, கொதிநிலை எட்டாத தண்ணீரிலும் வேகக்கூடிய மெல்லிய இழைகளைக் கொண்ட ‘உடோன் டெ ஸ்கை’ என்ற சிறு கப்பை 1992-இல் கொண்டுவந்தது. உடோன் என்பது ஜப்பானிய நூடுல்ஸ் வகை. ‘உடோனா?’ என்று ஜப்பானிய மொழியில் கேட்பது போலவும், ‘வானத்தில் உடோன்’ என்பது போலவும் ஒலிக்கும் பெயர் அது. பின்னர் சோபா, ராமென் என்ற மற்ற நூடுல்ஸ் வகைகளும் வந்தன. உணவு ஒன்றை உயரத்துக்கு ஏற்ப மாற்றியமைத்த இந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

உங்களுக்குக் கிடைப்பது சாதாரண கப் என்றால் மூன்று நிமிடத்தை ஐந்து அல்லது ஆறு என்று ஆக்குங்கள். மூடியை இடையில் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சூடு வெளியேறும். தடித்த இழை, மெல்லிய இழை இரண்டும் இருந்தால் மெல்லியதைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். 2013-இல் தென் கொரியாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் சென்ற விமானத்தில், ஒரு பெரிய நிறுவனத்தின் மேலதிகாரி நூடுல்ஸ் சரியாக வேகவில்லை என்று திரும்பத் திரும்பக் குறை சொல்லி, கடைசியில் சுருட்டிய பத்திரிகையால் பணிப்பெண்ணை அடித்தார். நாடே கொதித்தது, அவர் பதவி போயிற்று. அந்தப் பணிப்பெண் மீது தவறில்லை, தண்ணீரால் அதற்கு மேல் சூடாக முடியாது. நூடுல்ஸ் விறைப்பாக இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். அதைக் கொண்டுவந்து கொடுத்தவரின் முகத்தில் காட்டாதீர்கள்.

கொரியன் ஏர் ஏன் நிறுத்தியது? நூடுல்ஸுக்கே பேர்போன விமானம் அல்லவா?

ஆம், அதனால்தான் அந்தச் செய்தி பலருக்கு வருத்தம் தந்தது. 2024 ஆகஸ்ட் 15 முதல் நெடுந்தூர விமானங்களின் எகானமி வகுப்பில் கப் நூடுல்ஸ் வழங்குவதை அது நிறுத்தியது. காற்றுக் கொந்தளிப்பு அதிகரித்து வருகிறது, தீக்காயங்களைத் தவிர்க்க வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். சாண்ட்விச், கார்ன் டாக், பீட்சா போன்றவை அதன் இடத்துக்கு வந்தன.

கொந்தளிப்பு அதிகரிக்கிறது என்பது சாக்கு இல்லை. இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, வட அட்லாண்டிக் வான்வழியில் தெளிந்த வானில் ஏற்படும் கடுமையான கொந்தளிப்பு 1979-க்கும் 2020-க்கும் இடையில் 55 சதவீதம் கூடியிருப்பதாகக் காட்டியது. ஓரிடத்தில் ஆண்டுக்கு 17.7 மணி நேரமாக இருந்தது 27.4 மணி நேரமாகியிருக்கிறது. தெளிந்த வான் என்பதுதான் இதில் கொடுமை: மேகம் இருக்காது, ரேடாரில் தெரியாது, பல நேரம் முன்னெச்சரிக்கையும் கிடைக்காது.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் வான்வெளியில் திடீர்க் கொந்தளிப்பில் சிக்கியது. காலைச் சிற்றுண்டி வழங்கிக்கொண்டிருந்த வேளை. ஒரு பயணி இறந்தார், பலர் படுகாயமடைந்தார்கள், விமானம் பாங்காக்கில் இறக்கப்பட்டது. முதற்கட்ட விசாரணையின்படி 0.6 வினாடிக்குள் விமானத்துக்குள் உணரப்படும் விசை தலைகீழானது. இருக்கையோடு கட்டப்படாத எதுவும் கூரையை நோக்கிப் பறக்கும் என்பதே அதன் பொருள். சூடான சூப்பும் அப்படித்தான் பறக்கும். அதன் பிறகு அந்த நிறுவனம், சீட் பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானங்களை மட்டுமல்லாமல் உணவு வழங்குவதையும் நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

கொரியன் ஏர் பிசினஸ் வகுப்பில் மட்டும் நூடுல்ஸைத் தொடர்கிறார்களே, இது நியாயமா?

கோபம் எனக்குப் புரிகிறது. கொந்தளிப்பு டிக்கெட் விலையைப் பார்த்து வருவதில்லை. ஆனாலும் நிறுவனம் சொன்ன காரணத்தில் உண்மை இருக்கிறது. எகானமியில் பணியாளர் ஒரே நேரத்தில் பல கப்களைத் தட்டில் ஏந்தி, குறுகலான நடைபாதையில், தூங்குபவர்களின் தோள்களுக்கு மேலாக நீட்ட வேண்டும். ஜன்னலோர இருக்கைக்குப் போகும் கப் இரண்டு பேரின் மடியைத் தாண்டித்தான் போகிறது. அதாவது நூடுல்ஸ் கேட்காதவரின் மேலும் அது கொட்டலாம். விசாலமான இருக்கையில், அகன்ற மேசையில் கிண்ணமாக வைப்பது வேறு விஷயம்.

என்றாலும் என் கருத்தைக் கேட்டால், சமமாக நடத்துவதற்கு வழி இருக்கிறது. எகானமி பயணிகளுக்குச் சமையல் பகுதியிலேயே முழுதாக வேகவைத்து, சற்று ஆறிய பிறகு, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுக்கலாம். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். நிறுத்திவிடுவதுதான் மலிவான வழி.

காபியும் டீயும் சூடுதானே? அவற்றை ஏன் நிறுத்தவில்லை?

சூடான எந்தத் திரவமும் ஆபத்துதான். 70 டிகிரி நீர் ஒரு வினாடியிலேயே தோலைப் பொசுக்கும். 60 டிகிரியில் பெரியவர்களுக்குச் சுமார் ஐந்து வினாடி. குழந்தைகளின் தோல் மெல்லியது என்பதால் அதைவிட விரைவாக. ஆனால் நூடுல்ஸ் இன்னும் மோசம். காபியின் அளவு ஒரு சிறு கோப்பை. இதில் 300 மில்லி வரை தண்ணீர். காபி வழிந்து ஓடிவிடும். நூடுல்ஸ் இழைகள் தோலோடு ஒட்டிக்கொண்டு சூட்டை உள்ளே இறக்கும். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம் சூப்பை ஆறவும் விடாது.

கப்பின் வடிவமும் சேர்ந்துகொள்கிறது. 2006-இல் அமெரிக்கத் தீக்காய மருத்துவர்கள் பல வகை உடனடி சூப் கப்களைச் சாய்த்துப் பார்த்துச் சோதித்தார்கள். உயரமாக, அடி குறுகலாக இருப்பவை எளிதில் கவிழ்ந்தன. அகலமாக, தாழ்வாக இருப்பவை நின்றன. விமானத்தில் கிடைப்பவை பெரும்பாலும் முதல் வகை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் இடுப்பில் பெல்ட் கட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டில் மடியில் கொட்டினால் துள்ளி எழுவீர்கள். அங்கே எழ முடியாது. முன்னால் மேசை, இருபுறமும் ஆட்கள். சூப் மடியிலேயே தேங்கி நிற்கும். நான் பார்த்த காயங்கள் அநேகமாக எல்லாமே தொடையில்தான்.

அப்படியானால் சாப்பிடவே கூடாதா?

சாப்பிடுங்கள். ஆனால் கப்பில் தண்ணீர் ஊற்றியவுடன் கையில் வாங்காதீர்கள். “சமையல் பகுதியிலேயே ஆறு நிமிடம் வைத்திருந்து தர முடியுமா?” என்று கேளுங்கள். நூடுல்ஸும் நன்றாக வேகும், சூடும் தணியும். பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தில் நான் கற்ற மிகப் பயனுள்ள விஷயம் இது ஒன்றுதான்: காத்திருப்பு சமையல் பகுதியில் நடக்கட்டும், உங்கள் மடிக்கு மேலே அல்ல.

தண்ணீரைக் கப்பின் உள்ளே இருக்கும் அளவுக் கோட்டுக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்தச் சொல்லுங்கள். விமானத்தில் உப்பு மந்தமாகத் தெரிவதால் சூப் சற்றுக் கெட்டியாக இருப்பதே நல்லது. மடியில் போர்வையை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். மேசையில் கப்புக்கு வட்டமான பள்ளம் இருந்தால் அதில் வையுங்கள். முன்னிருக்கைக்காரர் சாய்ந்திருந்தால் மெதுவாக அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் திடீரென்று அசைந்தாலே மேசை ஆடும். மடியில் குழந்தை இருந்தால் வேண்டாம். இதில் எந்தச் சமாதானமும் எனக்கு ஏற்புடையதல்ல.

சாப்பிடும்போதே சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் மூடியை அழுத்தி மூடி, பணியாளர் அருகில் இருந்தால் உடனே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இரு கைகளாலும் தாழ்வாக, உடலிலிருந்து விலக்கிப் பிடியுங்கள்.

கொட்டிவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நனைந்த துணியை உடலிலிருந்து விலக்குங்கள், ஒட்டியிருக்கும் இழைகளை எடுங்கள், அழைப்பு பட்டனை அழுத்துங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு நிமிட வெட்கம்தான் காயத்தை ஆழமாக்குகிறது. ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் என்பதே முதலுதவி விதி. விமானக் கழிவறைக் குழாயில் அவ்வளவு நீர் வராது. ஆகவே குடிநீர் பாட்டில்களைக் கேட்டு வாங்கித் தொடர்ந்து ஊற்றுங்கள், அல்லது நனைத்த துணியை மாற்றி மாற்றி வையுங்கள். ஐஸ் வைக்காதீர்கள், பற்பசையோ எண்ணெயோ பூசாதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். விமானத்தில் மருத்துவர் இருக்கிறாரா என்று அறிவிக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்.

சொந்தமாக நூடுல்ஸ் கொண்டுபோகலாமா?

உலர்ந்த நூடுல்ஸைக் கைப்பையில் கொண்டுபோகத் தடையில்லை. பாதுகாப்புச் சோதனையில் சிக்குவது குழம்பு போன்ற விழுதுப் பொட்டலங்கள்தான். அவை திரவக் கணக்கில் சேரும், 100 மில்லி வரம்புக்கு உட்படும். பொடி மசாலா என்றால் சிக்கல் குறைவு.

தானாகச் சூடாகும் நூடுல்ஸ் பெட்டிகளை மட்டும் எடுத்துவராதீர்கள். அடியில் இருக்கும் பொட்டலத்தில் சுண்ணாம்பு, மெக்னீசியம், அலுமினியத் தூள் போன்றவை இருக்கும். தண்ணீர் பட்டதும் பயங்கரமாகச் சூடேறும், எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரலாம். பல நிறுவனங்கள் அவற்றைத் தடை செய்திருக்கின்றன.

இறங்கும் நாட்டின் சுங்க விதிகளையும் பாருங்கள். இறைச்சி, முட்டைத் துண்டுகள் உள்ள கப் மீந்தால், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அதைப் படிவத்தில் அறிவித்தாக வேண்டும்.

வெந்நீர் கேட்டால் சிலர் மறுக்கிறார்களே?

அது அவர்கள் உரிமை, பல நேரங்களில் நிறுவனத்தின் கட்டளை. விமானத்தில் ஏற்றும் தண்ணீருக்கும் அளவு உண்டு. 200 பேர் ஆளுக்கு 300 மில்லி கேட்டால் 60 லிட்டர் நூடுல்ஸுக்கே போய்விடும். கெட்டில்கள் சிறியவை, ஒவ்வொரு முறையும் மீண்டும் சூடாக்க வேண்டும். ஒருவர் கப்பைத் திறந்ததும் மணம் பரவி அடுத்தடுத்து பத்து அழைப்பு விளக்குகள் எரிவதை ஒவ்வொரு இரவும் பார்த்திருக்கிறேன்.

அந்த மணம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு இல்லையா?

சற்று நேரம் இருக்கும். காற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை முழுவதும் மாறிவிடுவதால் நிலைத்து நிற்காது. இருந்தாலும் அதிகாலை மூன்று மணிக்குக் காரமான கப்பைத் திறக்கும் முன் பக்கத்தில் இருப்பவரை ஒருமுறை பாருங்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தால் தள்ளிப்போடுங்கள்.

மூடி பலூன் போல உப்பியிருந்தது. கெட்டுப்போன கப்பா?

இல்லை. தரையில் மூடிய கப்புக்குள் இருக்கும் காற்று, மேலே அழுத்தம் குறைந்ததும் மூன்றில் ஒரு பங்கு வரை விரிகிறது. மூடி உப்பியிருந்தால் சீல் நன்றாக இருக்கிறது என்று பொருள். திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். மசாலாத் தூள் தெறிக்கலாம்.

இந்த மூடி பிறந்ததே ஒரு விமானத்தில்தான். 1958-இல் உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்த மோமோஃபுக்கு ஆண்டோ, 1966-இல் அமெரிக்கா போனார். அங்கே சிலர் நூடுல்ஸை உடைத்துக் காகிதக் கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றிச் சாப்பிடுவதைப் பார்த்தார். திரும்பும் விமானத்தில் அவருக்கு மக்கடாமியா கொட்டைகள் கொடுத்தார்கள். அந்த அலுமினியக் கிண்ணத்தைக் காகிதமும் அலுமினியத் தாளும் சேர்ந்த மூடி காற்றுப்புகாமல் மூடியிருந்தது. அதை அவர் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனார். 1971-இல் கப் நூடுல்ஸ் விற்பனைக்கு வந்தபோது அதன் மேல் இருந்தது அந்த மூடிதான்.

உப்பு அதிகம் என்கிறார்களே? சைவர்கள் சாப்பிடலாமா?

ஒரு கப்பில் சோடியம் 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு சூப்பை விட்டுவிடலாம். எல்லோருமே கூடவே ஒரு பாட்டில் தண்ணீர் குடிப்பது நல்லது. சைவர்கள் கப்பின் மேல் காய்கறிப் படம் இருப்பதை நம்ப வேண்டாம்; சூப் தூளில் கோழி, மீன், இறால் சாறு கலந்திருப்பது உண்டு. பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள்.

விண்வெளி வீரர்களும் நூடுல்ஸ் சாப்பிடுகிறார்களாமே?

சாப்பிட்டிருக்கிறார்கள். 2005-இல் டிஸ்கவரி விண்கலத்தில் சென்ற ஜப்பானிய வீரர் சொய்ச்சி நொகுச்சிக்காக நிஸ்ஸின் ‘ஸ்பேஸ் ராம்’ என்ற ஒன்றைச் செய்துகொடுத்தது. அங்கே கிடைக்கும் நீர் 70 டிகிரி சூடுதான். அதில் வேகும்படி செய்தார்கள். இழைகளைச் சிறு உருண்டைகளாக்கி, சூப்பை மிதந்து போகாதபடி கெட்டியாக்கினார்கள். ஆகாயத்தில் சிதறாத சூப் சாத்தியம் என்பதற்கு அதுவே சான்று. விமானங்களுக்கும் இப்படிக் கெட்டியான, குறைந்த சூட்டில் வேகும் கப் ஒன்றை யாராவது செய்யட்டும் என்று ஏங்குகிறேன்.

மிச்ச சூப்பை எங்கே கொட்டுவது?

கழிவறையின் கை கழுவும் தொட்டியில் மட்டும் கொட்டாதீர்கள். எண்ணெயும் இழைகளும் குறுகலான குழாயை அடைத்துவிடும், பிறகு பயணம் முழுவதும் யாராலும் அதைப் பயன்படுத்த முடியாது. இருக்கைக்கு முன்னால் உள்ள பையில் செருகி வைப்பதும் வேண்டாம். மூடியை மடித்து மூடி, நேராகப் பிடித்து, பணியாளர் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது “உள்ளே இன்னும் சூடாக இருக்கிறது” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். காலி கப் என்று நினைத்துச் சட்டென்று வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட நாள்கள் எங்களுக்கு நிறைய உண்டு.